உள்ளங்கை வியர்வையின் விலை

கோல்ஃப் ஆடுகிறவர்கள் ஒரு கையில் மட்டும்தான் கையுறை போடுகிறார்கள். வலக்கை ஆட்டக்காரர் இடக்கையில் போடுவார், இடக்கை ஆட்டக்காரர் வலக்கையில். பந்து குழிக்கு அருகே வந்து, மெதுவாகத் தட்டி உருட்ட வேண்டிய கட்டம் வந்ததும் பெரும்பாலோர் அந்த ஒன்றையும் உருவிப் பின்பாக்கெட்டில் செருகிக்கொள்வார்கள். கைக்கு அடிபடாமல் காப்பதற்குத்தான் கையுறை என்று நினைத்தால் இந்த வழக்கம் விளங்காது. வெல்டரும் விக்கெட் கீப்பரும் போடுகிற கையுறைகள் வேறு வகை. இதன் வேலை, மட்டை கையைவிட்டு நழுவாமலும், நழுவிவிடுமோ என்ற பயத்தில் கை இறுகிப்போகாமலும் பார்த்துக்கொள்வது.

இந்தச் சின்ன வேலைக்குக் கடையில் தொங்கும் சரக்கைப் பார்த்தால் தலை சுற்றும். பெரும்பாலும் எல்லாம் வெள்ளை, எல்லாம் மெல்லிசு, எல்லாவற்றிலும் புறங்கைப் பக்கம் ஓர் ஒட்டுப்பட்டை. விலை மட்டும் சில நூறு ரூபாயில் தொடங்கி இரண்டாயிரத்தைத் தாண்டிப் போகிறது. கொடுத்த காசுக்கு எது பெறும் என்பதை உறையில் அச்சடித்த வாசகங்களை வைத்துச் சொல்ல முடியாது. தோலுக்கும் தண்ணீருக்கும் உள்ள உறவு கொஞ்சம் தெரிந்தால் சொல்லிவிடலாம்.

முதலில் மட்டை ஏன் நழுவப் பார்க்கிறது என்பதைப் பார்ப்போம். தொலைதூரத்துக்கு அடிக்கப் பயன்படும் ‘டிரைவர்’ மட்டையின் தலை ஏறக்குறைய 200 கிராம். வார இறுதியில் ஆடும் சராசரி ஆண் அதை முழு வீச்சில் சுழற்றினால், பந்தை அடையும்போது அந்தத் தலை மணிக்கு 145 கிலோமீட்டர் அளவில் பாய்கிறது. அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர்களின் சராசரியோ 180-ஐத் தாண்டும். வட்டத்தில் சுழலும் பொருளைப் பிடித்து நிறுத்த எவ்வளவு இழுப்பு வேண்டும் என்பதற்குப் பள்ளிக்கூட இயற்பியலே போதும்: நிறையை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி ஆரத்தால் வகுக்க வேண்டும். 200 கிராம், நொடிக்கு 40 மீட்டர், ஆரம் சுமாராக ஒன்றரை மீட்டர் என்று போட்டால் விடை 210 நியூட்டனுக்குச் சற்று மேல். அதாவது 20 கிலோ அரிசி மூட்டையொன்றை அந்தக் கணத்தில் விரல்கள் தாங்குகின்றன. கணக்கில் வேகத்தின் வர்க்கம் வருவதால், தொழில்முறை ஆட்டக்காரரின் வேகத்தில் இது 30 கிலோவைத் தாண்டிவிடும்.

அப்படியானால் இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். விரல்களை மடக்கும் தசைகள் விரலில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. பிடியை இறுக்கினால் முன்கை முழுக்க விறைக்கிறது, மணிக்கட்டு சுலபமாகத் திரும்ப மறுக்கிறது, வேகம் குறைகிறது. எனவே ஆட்டக்காரருக்கு வேண்டியது குறைந்த அழுத்தத்தில் நிறைய உராய்வு. மட்டையும் பந்தும் தொட்டுக்கொண்டிருப்பது அரை மில்லி நொடிதான். அந்தத் துணுக்கு நேரத்தில் மட்டையின் முகம் கைக்குள் கொஞ்சம் திரும்பியிருந்தாலும் 46 கிராம்கூட இல்லாத பந்து மரக்கூட்டத்துக்குள் போய்விடும். வலக்கைக்காரரின் பிடியில் இடக்கை மேலே இருக்கிறது. அதன் கடைசி மூன்று விரல்கள்தான் பெரும்பகுதி இழுப்பைத் தாங்குகின்றன. கீழே இருக்கும் வலக்கைக்குத் தொடுவுணர்வுதான் முக்கியம். ஆகவே கையுறை இடக்கைக்கு. குழிக்குள் உருட்டும்போது இழுப்பே கிடையாது, தொடுவுணர்வு மட்டும்தான். ஆகவே அப்போது அதுவும் வேண்டாம். மனிதக் கையின் உள்பக்கத் தோலில் தொடுதலை உணரும் நரம்பலகுகள் ஏறக்குறைய 17,000 இருக்கின்றன. அரை மில்லிமீட்டர் தோலை அவற்றின்மேல் போர்த்தினாலும் கொஞ்சம் செவிடாகத்தான் செய்யும்.

இதற்கு விலக்குகளும் உண்டு. பென் ஹோகன் கையுறையே இல்லாமல் ஆடியவர். ஃபிரெட் கப்பிள்ஸ் 1992-இல் மாஸ்டர்ஸ் பட்டத்தை வெறுங்கையோடு வென்றார். மறுகோடியில், டாமி கெய்னி இரண்டு கைகளிலும் கையுறை மாட்டிக்கொண்டு ஆடி, ‘இரட்டைக் கையுறை’ என்றே பட்டப்பெயர் வாங்கினார். ஆக, கையுறை கட்டாயமில்லை. ஆனால் ஹோகனின் கை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. நம் ஊர் புழுக்கமும் அவருக்கு வாய்க்கவில்லை.

புழுக்கம் என்றதும் வியர்வைக்கு வருவோம். விஷயத்தின் உயிர்நாடி அதுதான்.

உடம்பில் வியர்வைச் சுரப்பிகள் மிக நெருக்கமாக அமைந்திருப்பது அக்குளில் அல்ல, உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும். சதுர சென்டிமீட்டருக்குச் சில நூறு. இன்னொரு விசித்திரம்: நெற்றியும் முதுகும் வெப்பத்துக்கு வியர்க்கின்றன, உள்ளங்கை முக்கியமாக மனப்பதற்றத்துக்கு வியர்க்கிறது. பொய் கண்டறியும் கருவியின் மின்முனைகளை விரல்களில் மாட்டுவது இதனால்தான். எதிரே குளம், பின்னால் நான்கு பேர் வேடிக்கை பார்க்கிறார்கள், பந்து அக்கரைக்குப் போயாக வேண்டும் என்ற நிலையில், மார்கழிக் குளிரிலும் ஆட்டக்காரரின் உள்ளங்கை ஈரமாகும். இந்த ஏற்பாடு பரிணாமத்தில் ஏன் வந்தது என்பதற்கு உயிரியலாளர்கள் சொல்லும் காரணம் நியாயமாகவே இருக்கிறது. பாலூட்டிகள் பலவற்றுக்கு இந்த வகைச் சுரப்பி பாதங்களில் மட்டுமே உண்டு. ஆபத்து வந்தால் தாவிக் கிளையைப் பற்ற வேண்டும். அப்போது பாதம் கொஞ்சம் ஈரமாக இருந்தால் பிடிப்பு கூடும்.

ஈரமானால் வழுக்கத்தானே செய்யும் என்று தோன்றும். இரண்டும் உண்மை. எலும்பாய்க் காய்ந்த தோல் கடினமாக இருக்கிறது. பிடித்த பொருளைச் சில மேடுகளில் மட்டுமே தொடுகிறது. லேசான ஈரம் பட்டால் தோலின் மேலடுக்கு இளகி, பொருளின் மேடுபள்ளங்களில் படிந்து, தொடும் பரப்பு பெருகுகிறது, உராய்வும் பெருகுகிறது. ஈரம் இன்னும் கூடி, தோலுக்கும் பொருளுக்கும் நடுவே தண்ணீர் படலமாக நின்றுவிட்டால் உராய்வு சரிகிறது. பழைய எழுத்தர்கள் நோட்டு எண்ணும்போது விரலை ஈரப்பஞ்சில் தொட்டுக்கொள்வார்கள், தண்ணீரில் முக்கமாட்டார்கள். விரல்ரேகைகளின் மேடும் பள்ளமும் இந்த ஈரத்தைச் சரியான அளவில் நிறுத்திவைக்கும் ஏற்பாடு என்று 2020-இல் தென்கொரிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். வழவழப்பான பொருளை அழுத்தும்போது மேட்டிலுள்ள துளைகள் அடைபடுகின்றன. மிஞ்சிய ஈரம் பள்ளங்களின் வழியே ஆவியாகிப் போகிறது.

மட்டையின் பிடி ரப்பர். ரப்பர் தண்ணீர் குடிக்காது. நாலு மணி நேரம் வெயிலில் நடக்கும் ஆட்டத்தில், பதற்றத்தில் ஊறும் வியர்வைக்கு வெறுங்கையில் போக்கிடம் இல்லை. அதைக் குடிப்பதற்கு நடுவில் ஒருவர் தேவைப்படுகிறார். பதனிட்ட தோல் அதைத்தான் செய்கிறது. தோலின் உடல் முழுக்க கொலாஜன் என்ற புரத இழைகள்; அவை தண்ணீரை விரும்பி ஈர்ப்பவை. உள்பக்கம் வியர்வையை வாங்கி, புறங்கை வழியாகவும் துளைகள் வழியாகவும் காற்றுக்குக் கொடுத்து, வெளிப்பக்கத்தை அந்த ‘லேசான ஈர’ நிலையில் வைத்திருப்பதுதான் நல்ல கையுறையின் திறமை.

எல்லாத் தோலும் இதைச் செய்துவிடாது. உயர்ந்த கோல்ஃப் கையுறைகளின் உறையில் ‘கேப்ரெட்டா’ என்று அச்சிட்டிருக்கும். அது செம்மறித் தோல். ஆனால் கம்பளி தரும் செம்மறி அல்ல, வெப்ப நாடுகளில் வெள்ளாட்டைப் போலக் குட்டை முடியோடு திரியும் செம்மறி. வித்தியாசம் முடியில் தொடங்கித் தோலின் உள்ளே போகிறது. மெரினோ போன்ற கம்பளி ஆட்டின் தோலில் ஒரு சதுர மில்லிமீட்டரில் ஐம்பதுக்கும் மேற்பட்ட மயிர்க்கால்கள் நெருக்கியடிக்கும். ஒவ்வொன்றோடும் எண்ணெய்ச் சுரப்பி. மேலடுக்குக்கும் கீழடுக்குக்கும் நடுவே கொழுப்பு சேர்கிறது. பதனிடும்போது கொழுப்பு வெளியேற, அந்த இடம் வெற்றிடமாகி இரண்டு அடுக்குகளும் தளர்ந்து பிரிகின்றன. அந்தத் தோல் மெத்தென்று இருக்கும், ஆனால் பஞ்சைப் போலப் பிய்ந்துபோகும். முடி ஆட்டின் தோலில் மயிர்க்கால் குறைவு, கொழுப்பு குறைவு, கொலாஜன் நெருக்கமாகப் பின்னியிருக்கும். ஆகவே அதை அரை மில்லிமீட்டர் அளவுக்குச் சீவினாலும் கிழியாது.

எத்தியோப்பிய மேட்டுநிலத்தின் செம்மறித் தோலுக்குக் கையுறை உலகில் தனி மதிப்பு. இங்கிலாந்தின் யோவில் நகரத்தில் 1826-இல் தொடங்கிய பிட்டர்ட்ஸ் என்ற தோல் நிறுவனம் இந்தத் தோலை வைத்தே விளையாட்டுக் கையுறைகளில் பெயர் எடுத்தது, 2023-இல் நொடித்துப்போனது. அந்த ஊருக்கும் கையுறைக்கும் உள்ள பந்தத்தால் அதன் கால்பந்து அணிக்கே ‘கையுறைக்காரர்கள்’ என்று பட்டப்பெயர். இந்தோனேசியாவின் ஜாவாச் செம்மறிகளும் இதே வகை. யோக்யகர்த்தா வட்டாரத்தில் கோல்ஃப் கையுறை தைப்பது ஒரு தொழிலாகவே இருக்கிறது.

நம் பக்கத்திலும் இந்த ஆடுகள் உண்டு. சேலம், ஈரோடு, நாமக்கல், கரூர் வட்டாரங்களில் மேயும் மேச்சேரி ஆடு முடிச் செம்மறிதான். இந்தியச் செம்மறி இனங்களில் தோலுக்கென்று பெயர்பெற்றது அது. இந்த இனத்துக்கென்றே சேலம் மாவட்டம் பொட்டனேரியில் ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வடமாவட்டங்களின் சென்னைச் சிவப்பு ஆடும் கம்பளி தராத இனமே. அதே தமிழ்நாட்டில் நீலகிரி ஆடு மட்டும் நயமான கம்பளி தரும். உதகையின் கோல்ஃப் மைதானம் இருக்கும் அந்தக் குளிரில் வளரும் ஆட்டின் தோல் இந்தக் கையுறைக்கு ஆகாது. கீழே சேலத்து வெயிலில் வளர்வது ஆகும்.

ஆட்டுத் தோலின் விலையை இறக்குவதில் பெரிய கை பூச்சிகளுக்கு உண்டு. ஆட்டுப்பேனும் ‘கெட்’ என்ற சிறகில்லாத ஆட்டு ஈயும் கடித்தால், ஆட்டின் உடல் ஒவ்வாமையால் சிறு சிறு முடிச்சுகளை உண்டாக்குகிறது. உயிரோடு இருக்கும் ஆட்டின் முடிக்குள் இவை கண்ணில் படாது. பதனிட்டு முடித்ததும் தோலெங்கும் புள்ளிகளாக எழும்பிவிடும். எத்தியோப்பியாவில் இதற்கு ‘எகெக்’ என்று பெயர். அந்நாட்டுத் தோல் ஏற்றுமதிக்கு நெடுநாள் தலைவலி. கையுறையில் எந்தக் கீறலும் இல்லாத சீரான வெள்ளைத் தோலுக்கு நாம் கொடுக்கும் கூடுதல் விலையில் ஒரு பங்கு, பேன் கடிக்காத ஆட்டுக்குப் போகிறது. புள்ளி விழுந்த தோல் உழைப்பில் எப்போதும் மட்டமென்று சொல்ல முடியாது. பார்வைக்குத்தான் மட்டம். சிக்கனம் பார்க்கிறவர் இதைக் கவனித்துக்கொள்ளலாம்.

இனி பதனீடு. பச்சைத் தோலை அப்படியே காயவைத்தால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி விறைப்பான தகடாகிவிடும். மிருதங்கத்துக்கும் பறைக்கும் அந்த இறுக்கம் வேண்டும். அதனால் அவற்றின் தோலைப் பதனிடுவதில்லை. கையுறைக்குக் குழைவு வேண்டும். இழைகளுக்கு நடுவே குறுக்குக் கட்டுகளைப் போட்டு, காய்ந்தாலும் அவை ஒட்டாமல் விலகியே நிற்கச் செய்வதுதான் பதனிடுதல். நம் பக்கத்துப் பழைய முறையில் இதை ஆவாரம் பட்டை செய்தது. இன்று ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை டேனரிகளில் பெரும்பாலும் குரோமிய உப்பு செய்கிறது. பச்சைத் தோலைச் சுடவைத்தால் 60 டிகிரியைக் கடந்ததும் சுருண்டுவிடும்; குரோமியம் ஏறிய தோல் கொதிநீரையும் தாங்கும். பதனீடு முடிந்ததா என்று பார்க்க ஒரு துண்டைக் கொதிநீரில் போட்டுப் பார்ப்பது டேனரிகளில் வழக்கம். பிறகு அதற்கு எண்ணெய் ஊட்டுகிறார்கள். இழை ஒவ்வொன்றையும் சுற்றி மெல்லிய எண்ணெய்ப் பூச்சு. தோலின் குழைவு இதில்தான் இருக்கிறது.

வியர்வை இந்த இரண்டையும் அரிக்கிறது. அது வெறும் தண்ணீர் அல்ல. உப்பு, யூரியா, லாக்டிக் அமிலம் எல்லாம் அதில் உண்டு. லாக்டிக் அமிலம் குரோமியத்தைத் தன் பக்கம் இழுக்க வல்லது. கட்டுகள் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்கின்றன. நனைந்து காயும் ஒவ்வொரு முறையும் எண்ணெய் இடம் பெயர்கிறது. தண்ணீர் வெளியேறும்போது, இழைகளுக்கு நடுவே உள்ள குறுகிய சந்துகளில் அதன் பரப்பு இழுவிசை அவற்றை ஒன்றையொன்று நோக்கி இழுக்கிறது. எண்ணெய் இருந்தால் வழுக்கி விலகிவிடும், இல்லாவிட்டால் ஒட்டிக்கொள்ளும். வெயிலில் காய்ந்த துண்டு மொடமொடப்பாகி, தட்டி உதறினால் இளகுகிறதே, அதேதான். துண்டை உதறலாம். உப்பேறி, எண்ணெய் போன கையுறையை உதறிப் பயனில்லை. அது பழுப்பேறி அட்டையாகி, பளபளப்பான உள்ளங்கையோடு மட்டையை வழுக்கவிடும்.

தோல் வேதியியலில் இதற்கு ஒரு மாற்று உண்டு. குளூட்டரால்டிஹைடு என்ற சேர்மம் கொலாஜனின் வேறு இடத்தில், லைசின் என்ற அமினோ அமிலத்தில், கட்டுப் போடுகிறது. லாக்டிக் அமிலத்தால் அதை அவிழ்க்க முடியாது. வியர்வை தாங்க வேண்டிய, துவைக்க வேண்டிய தோல்களுக்கு இதைத் தனியாகவோ குரோமியத்தோடு சேர்த்தோ பயன்படுத்துகிறார்கள். 1948-இல் அடையாற்றில் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் போன்ற இடங்களில் இந்த மாதிரிக் கேள்விகள்தான் அன்றாட வேலை. எரிச்சல் என்னவென்றால், எந்த முறையில் பதனிட்டது என்பதைக் கையுறையின் உறையில் யாரும் எழுதுவதில்லை. ‘பிரீமியம்’ என்பதை மட்டும் பெரிதாக எழுதுகிறார்கள்.

எனவே கடையில் கையால்தான் தெரிந்துகொள்ள வேண்டும். உள்ளங்கைத் தோலை இரண்டு விரலால் கிள்ளி உருட்டிப் பார்க்கலாம். வழவழவென்று பிளாஸ்டிக் போல இருந்தால் மேலே பூச்சு கனமாக இருக்கிறது. அது வியர்வையைக் குடிக்காது. கொஞ்சம் பற்றும் தன்மை தெரிந்தால் நல்லது. கையுறையைக் கைக்குள் கசக்கி விட்டால் மெல்ல விரிய வேண்டும். விறைப்பாகக் கசங்கி நின்றால் கடையிலேயே எண்ணெய் வற்றிய சரக்கு. வருடக்கணக்கில் வெயில் படும் கண்ணாடி அலமாரியில் தொங்கியதைத் தள்ளுபடியில் கொடுப்பார்கள். அது தள்ளுபடி அல்ல.

தோலின் தரத்தைவிட முக்கியம் அளவு. தொளதொள கையுறை எத்தனை விலை உயர்ந்ததாக இருந்தாலும் வீண். ஏனென்றால் இப்போது இரண்டு இடத்தில் நழுவல்: மட்டைக்கும் கையுறைக்கும் நடுவே ஒன்று, கையுறைக்கும் கைக்கும் நடுவே ஒன்று. கையுறை கைக்குள் மடிந்து தேய்கிற இடத்தில் கொப்புளமும் ஓட்டையும் சேர்ந்தே வரும். விரல் நுனியில் கிள்ளிப் பிடிக்கத் துணுக்குத் தோல்கூட மிஞ்சக் கூடாது. உள்ளங்கையில் சுருக்கம் விழக் கூடாது. ஒட்டுப்பட்டை முழுக்க மூடாமல் முக்கால்வாசியில் நிற்க வேண்டும். புதிதாக இருக்கும்போதே கடைசி வரை இழுத்து ஒட்ட முடிந்தால் அந்தக் கையுறை பெரியது. தோல் நாளாக நாளாக விரியும், செயற்கைத் தோல் அவ்வளவு விரியாது. ஆகவே தோல் கையுறை முதல் நாள் சற்று இறுக்கமாக இருப்பதே சரி. பழைய கையுறைக் கைவினையில் வெட்டுவதற்கு முன்பே தோலை ஈரமாக்கி, விரல் நீளவாக்கில் இழுத்துவிடுவார்கள். அந்தத் திசையில் நீட்சி அங்கேயே தீர்ந்துவிடும். குறுக்குவாக்கில் மட்டும் நெகிழும். மலிவான கையுறை ஒரே மாதத்தில் விரல் நீண்டுபோவது அந்தப் பொறுமை இல்லாததால்தான்.

அளவுகளில் பலருக்குத் தெரியாதது ‘கேடட்’. அகலமான உள்ளங்கையும் குட்டை விரல்களும் உள்ளவர்களுக்காக வெட்டியது. ‘மீடியம் போட்டால் உள்ளங்கை பிடிக்கிறது, லார்ஜ் போட்டால் விரல் தொங்குகிறது’ என்று அலுத்துக்கொள்ளும் ஆட்கள் பெரும்பாலும் கேடட் அளவுக்காரர்கள்தான். இங்கே எல்லாக் கடையிலும் அது இருக்காது, கேட்டு வாங்க வேண்டும். இன்னொன்று: எந்தக் கைக்கு என்பதைப் பார்த்து எடுக்க வேண்டும். வலக்கை ஆட்டக்காரர் என்று மனதில் வைத்துக்கொண்டு வலக்கைக் கையுறையை வாங்கிவந்து விழிப்பவர்கள் நிறைய.

செயற்கைத் தோலை ஒதுக்கிவிட வேண்டாம். ஜப்பானின் குராரே நிறுவனம் 1964-இல் ‘கிளாரினோ’ என்ற பெயரில் கொண்டுவந்த வகைப் பொருள்கள் இன்று பல கையுறைகளில் இருக்கின்றன. நுண்ணிழைகளைச் சிக்கலாகப் பின்னி, பாலியூரித்தேன் ஏற்றியவை. வியர்வையின் உப்பும் அமிலமும் இவற்றை அவ்வளவாகப் பாதிப்பதில்லை, துவைக்கலாம், விலை குறைவு, நிறைய உழைக்கும். ஆனால் தோலைப் போல ஈரத்தை உடலுக்குள் வாங்கிக்கொள்ளாது. புழுக்கத்தில் உள்ளே நசநசக்கும். நடுவழியும் இருக்கிறது. உள்ளங்கையிலும் கட்டைவிரலிலும் மட்டும் தோல், விரல்களின் புறத்தில் காற்றோட்டமான துணி, முட்டிகளில் நெகிழும் பட்டை. புதிதாக ஆடத் தொடங்கியவர்களுக்கு இந்தக் கலப்பு வகையைத்தான் நான் சொல்வேன். பிடியே இன்னும் சரிப்படாதபோது கேப்ரெட்டாவைத் தேய்த்துத் தீர்ப்பதில் பொருள் இல்லை. மழைக்கென்று ஸ்வீடு போன்ற நுண்ணிழைப் பரப்போடு ஜோடியாக விற்பது தனி இனம். நனைய நனைய அதன் பிடிப்பு கூடும், ஏனென்றால் தண்ணீர்ப் படலத்தை இழைகளின் சந்துகள் உறிஞ்சிக்கொள்ள, இழை முனைகள் ரப்பரைத் தொடுகின்றன. சென்னை மழையில் யாரும் ஆடப்போவதில்லை என்றாலும், கை அருவியாக வியர்ப்பவர்கள் வெயில் காலத்திலேயே அதைப் போட்டுப் பார்க்கலாம்.

விலைக்கு வருவோம். ஒரு கையுறை எத்தனை ரவுண்டு வரும் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். கேட்க வேண்டியது எத்தனை அடி வரும் என்று. 90 அடியில் 18 குழிகளையும் முடிக்கும் ஆட்டக்காரருக்கு அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குழிக்குள் உருட்டும் தட்டல்கள். கையுறைக்கு வேலை வைக்கும் அடிகள் ஐம்பது அல்லது அறுபதுதான். பயிற்சித் திடலில் ஒரு மாலையில் நூறு பந்து அடித்தால் ஏறக்குறைய இரண்டு ரவுண்டுத் தேய்மானம் ஒரே மூச்சில், காய நேரமே இல்லாமல், ஊறிய தோலின்மேல் விழுகிறது. ஊறிய தோல் உலர்ந்த தோலைவிடச் சீக்கிரம் தேயும். ஆகவே ஓட்டை விழப்போகும் பழையதைப் பயிற்சிக்கு வைத்துக்கொண்டு, நல்லதை மைதானத்துக்கு மட்டும் எடுப்பதே பெரிய சிக்கனம்.

அடுத்தது மாற்றி மாற்றிப் போடுவது. எடுத்துக்காட்டுக்கு, 1,800 ரூபாய்க் கையுறை ஒன்றும், 900 ரூபாய்க் கையுறை இரண்டும் என்று வைத்துக்கொள்வோம். பணம் ஒன்றே. ஒற்றைக் கையுறை ஒன்பதாவது குழிக்குள் ஊறிவிடும், மீதி ஒன்பதும் ஈரத்தோலோடுதான். இரண்டு இருந்தால் ஒன்று பையின் வெளிப்புறத்தில் விரித்துத் தொங்கும்போது மற்றது கையில் இருக்கும். எதுவும் முழுக்க ஊறுவதில்லை, எதுவும் அவசரமாகக் காய்வதில்லை. தோலின் வேதியியல் தெரிந்தவர் இரண்டாவதைத்தான் எடுப்பார். அமெரிக்காவின் காஸ்ட்கோ பேரங்காடி தன் ‘கிர்க்லேண்ட்’ பெயரில் கேப்ரெட்டாக் கையுறைகளை ஒரே கட்டாக, ஒன்றுக்குப் புகழ்பெற்ற பிராண்டுகளின் பாதி விலைக்கும் கீழே விற்பது அங்கே சிக்கன ஆட்டக்காரர்களிடம் பிரபலமானது இந்தக் காரணத்தாலும்தான். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் சாக்லேட்டுக்குப் பதில் சொல்லிவைக்கலாம். எடை ஒன்றும் இல்லை.

காயவைப்பதில் அவசரம் கூடாது. வெயிலில் நிறுத்திய காரின் டிக்கி, ஹேர் டிரையர், மொட்டைமாடிக் கொடி எல்லாம் எண்ணெயை விரட்டுபவை. சுருட்டிப் பையில் போட்டால் பூஞ்சை பிடிக்கும். விரல்களை நீவி, நிழலில் படுக்கப்போட்டு, உலர்ந்ததும் வந்த உறையிலேயே தட்டையாக வைப்பது போதும். மட்டையின் ரப்பர் பிடியையும் எப்போதாவது சோப்பு நீரில் கழுவ வேண்டும். வியர்வையும் மண்ணும் படிந்து இறுகிய பிடி உப்புத்தாளாகிக் கையுறையைத் தின்னும். நூல் கலந்து வார்த்த பிடிகள் வியர்க்கும் கைக்கு நன்றாகப் பிடிக்கும், ஆனால் கையுறையைச் சீக்கிரம் தேய்க்கும். கொசு விரட்டிக் களிம்பு பூசிய கையை உடனே கையுறைக்குள் விடாதீர்கள். அதிலுள்ள ‘டீட்’ சில பிளாஸ்டிக்குகளையும் நெகிழ் இழைகளையும் கரைக்க வல்லது.

அடுத்த கையுறை எது என்பதைப் பழைய கையுறையின் ஓட்டை சொல்லும். கட்டைவிரல் நுனியில் தேய்ந்திருந்தால் கட்டைவிரலை நீட்டிப் பிடியை அழுத்துகிறீர்கள், அல்லது கையுறை ஓர் அளவு பெரிது. சின்னது ஒன்றைப் போட்டுப் பாருங்கள். கடைசி மூன்று விரல்களின் அடியில் சீராகப் பழுப்பேறி மெலிந்திருந்தால் கையுறை நியாயமாக உழைத்து முடித்திருக்கிறது. அதே பெயர், அதே அளவை மறுபடி வாங்கலாம், இரண்டாக. உள்ளங்கையின் அடிமேட்டில், சுண்டுவிரல் பக்கம், மூன்றாவது ஆட்டத்திலேயே ஓட்டை விழுந்திருந்தால் மட்டை விரல்களில் உட்காராமல் உள்ளங்கைக்குக் குறுக்கே கிடந்து, வீச்சின் உச்சியில் ஒவ்வொரு முறையும் நழுவி மறுபடி பிடிபடுகிறது என்று அர்த்தம். அதற்கு இன்னும் கெட்டியான தோல் கேட்டு வாங்குகிறவர்கள் உண்டு. அதற்குப் பதில், புதுக் கையுறைக்கு எடுத்துவைத்த பணத்தில் ஒரு பயிற்சியாளரிடம் அரை மணி நேரம் பிடியை மட்டும் திருத்திக்கொள்ளலாம். ஓட்டை விழுந்த கையுறையையும் கையோடு எடுத்துப் போனால் அவருக்கு வேலை சுலபம்.